உள்குத்தகைச் சட்டை

2021 மார்ச் 24-ஆம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் புதுச் சட்டை வெளியிட்டது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியதிலிருந்து செய்த முதல் பெரிய மாற்றம் என்றார்கள். தோனி விரித்துக் காட்டினார். அதே மஞ்சள். அதே சிங்கம். தோளில் மட்டும் ராணுவத்தின் உருமறைப்பு வண்ணம். நாட்டைக் காக்கும் படைவீரர்களுக்கு மரியாதையாம்.

உருமறைப்பு வண்ணம் எதற்கு? எதிரியின் கண்ணில் படாமல் இருக்க. மஞ்சள் எதற்கு? கடைசி வரிசை ரசிகனின் கண்ணிலும் பட. இரண்டையும் ஒரே துணியில் சேர்த்த மேதை யாரென்று தெரியவில்லை. அந்தச் சட்டையோடு ஒருவர் ஒளிந்துகொள்ளக்கூடிய இடம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான். ஈரோடு மஞ்சள் மண்டி.

போகட்டும். மரியாதை நல்ல விஷயம். ஆனால் மரியாதைக்கு உரியவர்கள் அப்போது வேறு சிலரும் இருந்தார்கள்.

சரியாக நாற்பது நாள் முன்பு, பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம், சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் மாரியம்மாள் பட்டாசு ஆலை வெடித்தது. பேன்சி ரகத்துக்கான மருந்தில் உராய்வு என்றார்கள். ஒரு அறையில் பற்றியது அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எல்லையில் அல்ல. வயிற்றுப்பாட்டுக்குப் போன இடத்தில்.

மறுநாள் காலை சேப்பாக்கத்தில் இந்தியா, இங்கிலாந்து இரண்டாவது டெஸ்ட். கொரோனாவுக்குப் பிறகு இந்திய மண்ணில் ரசிகர்களை உள்ளே விட்ட முதல் சர்வதேச ஆட்டம். கைத்தட்டல் திரும்பியது என்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. அதற்கு மறுநாள் பிரதமர் சென்னை வந்தார். வானிலிருந்து மைதானத்தைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். சுவாரஸ்யமான ஆட்டம் என்று எழுதினார். அச்சங்குளத்துக்கு அவர் 12-ஆம் தேதியே இரங்கல் சொல்லிவிட்டார். கணக்கு தீர்ந்தது. சென்னை வானத்திலிருந்து சாத்தூர் தெரியாது.

வீரர்களின் வெள்ளைச் சட்டையில் பைஜூஸ் என்ற பெயர் பளிச்சென்று இருந்தது. யாராவது கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்களா? எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கு?

18-ஆம் தேதி அதே சென்னையில், ஒரு நட்சத்திர விடுதியில், ஐபிஎல் ஏலம். கிறிஸ் மோரிஸ் 16.25 கோடிக்குப் போனார். அதுவரை ஐபிஎல் ஏலத்தில் யாருக்கும் கிடைக்காத தொகை. மோரிஸ் மீது நமக்குக் கோபமில்லை. தன் விலையை அவர் நிர்ணயிக்கவில்லை. அச்சங்குளத்தில் இறந்தவர்களும் தங்கள் விலையை நிர்ணயிக்கவில்லை. அவர்களுக்கும் அதே வாரத்தில்தான் விலை சொன்னார்கள். மாநில அரசு 3 லட்சம். பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம். மொத்தம் ஐந்து. வகுத்துப் பாருங்கள். ஒரு மோரிஸுக்கு 325 உயிர். பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டு உயிருக்கு 20 லட்சம் என்றது. சந்தை சற்று தேறியது. இப்போது 81 பேர் போதும்.

சரி, ஏலம் போன உடம்பில் ஏறும் அந்தச் சட்டையைப் பார்ப்போம். அது சட்டையே இல்லை. வாடகைக்கு விட்ட கட்டடம். நெஞ்சு ஒருவருக்கு. முதுகு இன்னொருவருக்கு. வலது கை ஒரு வியாபாரம், இடது கை ஒரு வியாபாரம். தொப்பியில் ஒருவர், தலைக்கவசத்தில் ஒருவர், கால்சட்டையில் ஒருவர். ஊரின் பெயர் எங்கே? தேடினால் கிடைக்கும். அணி சென்னையின் பெயரில் இருக்கிறது. சட்டை ஊருக்குச் சொந்தமில்லை.

இதற்கு எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெயர் உண்டு. உள்குத்தகை.

அச்சங்குளத்தில் நடந்தது அதுதான் என்று விசாரணையில் வெளிவந்தது. உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் பலர் கையில். உரிமம் வாங்கியவர் அறைகளைப் பிரித்துப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுக்க வேண்டும். அறைக்கு நான்கு பேர் என்பது விதி. நான்கு பேரை வைத்தால் குத்தகை கட்டுபடியாகாது. ஆள் கூடுகிறது. மருந்து கூடுகிறது. வேகம் கூடுகிறது. மரத்தடியிலும் உட்கார்ந்து திரி செருகுகிறார்கள். வெடித்தால் யார் பொறுப்பு? உரிமம் வைத்திருப்பவர் ஆலையில் இல்லை. ஆலையில் இருப்பவரிடம் உரிமம் இல்லை. செத்தவர் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவானவர்.

கிரிக்கெட் சட்டையும் இப்படித்தான் நடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே குடியிருப்பவர் வெடித்துச் சிதறினாலும் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல் விழாது.

இந்திய அணியின் நெஞ்சைப் பாருங்கள். 2001 முதல் 2013 வரை சஹாரா. குழும முதலாளி 2014-இல் சிறைக்குப் போனார். பிறகு ஸ்டார். 2017-இல் ஒப்போ, ஐந்து ஆண்டுக்கு 1,079 கோடி. இரண்டே ஆண்டில் அது கழன்று பைஜூஸ் ஏறியது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறோம் என்ற நிறுவனம். அது கிரிக்கெட் வாரியத்துக்கே 158 கோடிக்கு மேல் பாக்கி வைத்து, 2024-இல் திவால் வழக்கில் நின்றது. அடுத்து 2023-இல் ட்ரீம் லெவன், 358 கோடி. பணம் கட்டி அணி அமைக்கும் இணைய ஆட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வியாபாரத்தையே தடை செய்தது. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணி வெறும் நெஞ்சோடு போனது. நெஞ்சின் நடுவே நாட்டின் பெயர் மட்டும் இருந்த சட்டை. எவ்வளவு அழகாக இருந்தது! வாரியத்துக்குத் தூக்கம் வந்திருக்காது. அதே மாதத்தில் ஒரு டயர் நிறுவனம் 579 கோடிக்கு அந்த இடத்தைப் பிடித்தது. வாடகை ஏறியது. புது டெண்டரில் மது கூடாது, இணையச் சூதாட்டம் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஒழுக்கம் வந்துவிட்டது. சட்டம் வந்து இரண்டு வாரத்துக்குள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் வேடிக்கை ஒன்று உண்டு. 2020 நவம்பரில் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. பணத்தை இழந்து இளைஞர்கள் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்த நேரம். அதே நவம்பரில் இந்திய அணியின் சீருடைப் பொறுப்பை வாரியம் யாரிடம் கொடுத்தது? எம்பிஎல் என்ற இணைய விளையாட்டுச் செயலியிடம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்திய செயலி. பையன் செத்த வீட்டுத் தொலைக்காட்சியிலும் அந்த முத்திரை ஓடியது. தேசிய நிறத்தில்.

சாராயத்தையும் விட்டுவிடக் கூடாது. மதுவுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய முடியாது. அதனால் பெயரை மட்டும் அச்சடிப்பார்கள். தண்ணீர் என்பார்கள், சோடா என்பார்கள். குடிக்கிறவனுக்குத் தெரியும். 2021-இல், உருமறைப்பு வண்ணம் ஏறிய அதே சட்டையில், எஸ்என்ஜே 10000 என்ற முத்திரையும் இருந்தது. தமிழ்நாட்டு மதுத் தயாரிப்பாளரின் பெயர். பெங்களூருவில் அந்தச் சிரமம்கூட இல்லை. அணியின் பெயரே ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து பிறந்தது. சென்னைச் சட்டையிலோ தோளில் தியாகம். அதற்குச் சற்றுத் தள்ளிச் சரக்கு.

எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் பரந்த நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். இடமில்லாததும் உண்டு. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா தன் காலணியில் இரண்டு வாசகம் எழுதிக்கொண்டு பெர்த் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வந்தார். எல்லா உயிரும் சமம். சுதந்திரம் மனித உரிமை. ஐசிசி தடுத்தது. ஆட்டத்தில் போடக் கூடாது என்றது. கறுப்புப் பட்டை கட்டினார். கண்டித்தது. புறா படம் ஒட்டட்டுமா என்று கேட்டார். மறுத்தது. இது அரசியலாம்.

தோனியும் தப்பவில்லை. 2019 உலகக் கோப்பையில் கையுறையில் சிறப்புப் படையின் முத்திரையோடு வந்தார். எடு என்றார்கள். காலணி, கையுறை, மட்டை, தொப்பி எல்லாவற்றுக்கும் சதுர அங்குலக் கணக்கில் விதி இருக்கிறது. எந்த முத்திரை எவ்வளவு அகலம், எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அளந்து பார்க்க ஆள் இருக்கிறார். மீறினால் கண்டனம்.

அளந்து பார்க்க ஆள் இருக்கிறார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அச்சங்குளத்துக்கு வாருங்கள்.

பட்டாசு ஆலைக்கும் உடை விதி இருக்கிறது. பருத்தி மட்டும் உடுத்த வேண்டும். பாலியஸ்டர், நைலான் கூடாது. செயற்கை இழை உரசினால் மின்னேற்றம் வரும். மருந்துக்கு ஒரு பொறி போதும். அதாவது, இந்தியாவின் எந்தக் கிரிக்கெட் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டும் நீங்கள் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையக் கூடாது. எல்லாம் பாலியஸ்டர். வியர்வை உறிஞ்சும், காற்று புகும், பழைய பாட்டிலை உருக்கி நெய்தது என்று பெருமை பேசுகிற பாலியஸ்டர். வீரரின் சட்டை அச்சங்குளத்தில் ஒரு வெடிபொருள்.

அங்கே பெண்கள் என்ன உடுத்துகிறார்கள்? சேலை. அதன் மேல் கணவரின் பழைய சட்டை. சிவகாசி வட்டாரத்தின் சீருடை அதுதான். வடிவமைப்பாளர் கிடையாது. வெளியீட்டு விழா கிடையாது. சேலை பருத்தியா என்று கேட்க ஆள் கிடையாது. விலை மலிவானது எதுவோ அதுதான் சேலை. அலுமினியப் பொடி படிந்து சட்டை, கை, முகம் எல்லாம் ஒரே வெள்ளி நிறம் ஆகிவிடும். அணி நிறம் என்றால் அது அணி நிறம். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது.

இந்திய அணியின் அசல் சட்டையை 2023-இல் அடிடாஸ் 4,999 ரூபாய்க்குக் கடைக்குக் கொண்டுவந்தது. திரி செருகுகிற பெண்ணின் ஒரு வாரக் கூலி அந்தத் தொகையை எட்டாது. பிரதி 2,999. ரசிகர்களுக்கென்றே ஒன்று 999. ரசிகனுக்கும் மூன்று வகுப்பு.

நிறத்தின் கதைக்கு வருவோம். நம் ஆட்களுக்கு நிறம் என்றால் உயிர். 2019 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் நீலம், நாமும் நீலம் என்பதால் ஒரு ஆட்டத்துக்கு ஆரஞ்சு போட்டார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. காவியா, ஆரஞ்சா? தோற்றதற்கே சட்டைதான் காரணம் என்று ஒரு முன்னாள் முதல்வர் சொன்னார். 2023-இல் சேப்பாக்கத்தில் பயிற்சிச் சட்டை ஆரஞ்சில் வந்தது. மறுபடியும் சண்டை. தொலைக்காட்சியில் நான்கு சதுரத்தில் நான்கு பேர் நிறத்துக்காகக் கத்தினார்கள்.

அந்த நிறங்களை வெற்றி நாளில் வானத்தில் பூசுவது யார்? சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். பச்சைக்குப் பேரியம். மஞ்சளுக்குச் சோடியம். நீலத்துக்குத் தாமிரம், அந்த நீலம் பட்டாசுக்காரருக்கு எளிதில் கைவராத கடினமான நிறம். இவற்றைக் கையால் கலந்து, சலித்து, மணிமணியாக உருட்டிக் காயவைக்கிற ஊர்களில் ஒன்றுதான் அச்சங்குளம். பேன்சி ரகம் என்று சொன்னேனே, அதன் பொருள் இதுதான். கோப்பையைத் தூக்கும் வினாடியில் மைதானத்துக்கு மேலே விரிகிற நிறம்.

அந்த நிறத்துக்கும் நீதிமன்றம் ஒழுக்கம் சொல்லித்தந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடை செய்தது. பச்சைப் பட்டாசு வந்தது. அடுத்த ஆண்டே பெட்டியில் ஒட்டப் பச்சை இலச்சினையும் கியூஆர் குறியீடும் வந்துவிட்டன. டெல்லியின் நுரையீரல் பத்திரம் என்பதற்கு அத்தாட்சி. நல்லதுதான். டெல்லிக்காரரும் மூச்சு விட வேண்டும். இந்தப் பெட்டி அறைக்கு நான்கு பேர் இருந்து செய்தது, உள்குத்தகையில் செய்யாதது என்பதற்கு ஓர் இலச்சினை உண்டா? அதை யாரும் வரையவில்லை.

கிரிக்கெட்டுக்குப் பட்டாசை நிறுத்தவும் தெரியும். 2023 உலகக் கோப்பையில் மும்பையிலும் டெல்லியிலும் வாணவேடிக்கை இல்லை, காற்று கெட்டுவிடும். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்கு மறுநாள் ஹைதராபாத்தில் வாணவேடிக்கை இல்லை. வீரர்கள் கறுப்புப் பட்டை கட்டினார்கள். சரியான காரியம். ஆக, துக்கம் தெரிகிறது. பட்டை கையிருப்பில் இருக்கிறது. அந்த வாணத்தைச் செய்தவர் செத்தால் மட்டும் பட்டை பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை.

செத்துக்கொண்டும் இருக்கிறார்கள். 2012-இல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் போனார்கள். இனி இப்படி நடக்காது என்றார்கள். 2021-இல் அச்சங்குளம். இனி நடக்காது என்றார்கள். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, பத்துப் பேர். அதே ஆண்டு மே மாதம், ஐபிஎல் நடந்துகொண்டிருக்கையில், செங்கமலப்பட்டி, எட்டுப் பேருக்குக் குறையாமல். 2025 ஜூலையில் சின்னகாமன்பட்டி. இதே ஆண்டுகளில் மஞ்சள் சட்டையும் மாறிக்கொண்டே இருந்தது. 2022-இல் டயர் வந்தது. 2024-இல் விமான நிறுவனம் ஏறியது. அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் விழா. இங்கே ஒவ்வொரு வெடிப்புக்கும் குழு. இரண்டுமே பருவந்தோறும் தவறாமல் நடக்கின்றன.

எங்கள் மாவட்டத்துக்கு டிஎன்பிஎல் என்ற தமிழ்நாட்டுக் கிரிக்கெட் போட்டியில் அணி இல்லை. அதற்காக வருத்தப்படவில்லை. 2016-இல் அந்தப் போட்டி தொடங்கியபோது திண்டுக்கல்லுக்கு டிராகன் கொடுத்தார்கள். திண்டுக்கல்லில் பூட்டு உண்டு, பிரியாணி உண்டு. டிராகனை யாரும் கண்டதில்லை. எங்களுக்கு ஓர் அணி கொடுத்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? சிவகாசி பிளாஸ்டர்ஸ். இலச்சினையில் வெடித்துச் சிதறும் ஒரு குண்டு. கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டும்போது ஒருவருக்கும் உறுத்தாது.

ஆகவே ஒரு யோசனை. இந்த நாட்டுக்குத் தொழிலாளியின் உடம்பு புரியாது. இலச்சினை புரியும். பட்டாசு ஆலைப் பெண்களின் அந்தப் பழைய சட்டையையும் ஏலத்தில் விடுங்கள். முதுகில் டயர், தோளில் சிமெண்ட், நெஞ்சில் செல்போன். மறுநாளே அதிசயம் நடக்கும். துணி பருத்தியா என்று பார்க்க மும்பையிலிருந்து ஆள் வருவார். அறையில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் முத்திரை மறைகிறது என்று கத்துவார். வெயில் ஏறும்முன் வேலையை முடிக்கச் சொல்வார். ஏனென்றால் முத்திரை கருகினால் ஒப்பந்தப்படி கோடிக்கணக்கில் நஷ்டஈடு. உள்ளே இருக்கும் உடம்பு கருகினால் சில லட்சம்.

கோபத்தில் சொன்னது. ஆனாலும் அந்தக் கிரிக்கெட் சட்டையிடமிருந்து நாம் நிஜமாகவே கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதில் மறைவில்லை. யார் காசு கொடுத்தார் என்று நெஞ்சிலேயே எழுதியிருக்கிறது. சாராயக்காரர், சூதாட்டக்காரர், கடன்காரர், எல்லாரும் பெயரோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு பட்டாசு ஆலையின் வாசலிலும் அதே போல ஒரு பலகை வையுங்கள். உரிமம் யார் பெயரில். எந்த அறை யாருடைய குத்தகையில். குத்தகைப் பணம் எவ்வளவு. கடைசியாக உள்ளே வந்து பார்த்த அதிகாரி யார், எந்தத் தேதியில், எத்தனை பேர் உட்கார்ந்திருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், பல வண்ணத்தில்.

அச்சடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது. பலகையில் பெயர் போட ஒப்புக்கொள்ளும் ஆளைத்தான் தேட வேண்டும்.